சீலியாக் மருந்தாய்வில் பலனை அளப்பது: புதிதாகச் சேர்பவர்களுக்கு

சேலத்து மையம் ஒன்றில் சீலியாக் நோய்க்கான மருந்தாய்வில் ஒருங்கிணைப்பாளராகவோ உணவியல் நிபுணராகவோ ஆய்வகப் பணியாளராகவோ புதிதாகச் சேர்பவர்களுக்கு இது. மாத்திரை கொடுப்பதில் பெரிய சிக்கல் கிடையாது. ஆறு மாதம் கழித்து "குணம் தெரிகிறதா" என்று கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்கும். குடல் ஒரு பதில் சொல்லும், ரத்தம் இன்னொன்று சொல்லும், நோயாளி மூன்றாவதாக ஒன்றைச் சொல்வார். எந்தப் பதிலை எதற்காக வாங்குகிறோம் என்பது முதல் மாத்திரைக்கு முன்பே தெளிவாகியிருக்க வேண்டும்.

ஆளைச் சேர்க்கும் முன்

"கோதுமை அலர்ஜி" என்று சொல்லிக்கொண்டு வருபவர் எல்லோருக்கும் சீலியாக் கிடையாது. கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் உள்ள குளூட்டன் புரதத்தால் தூண்டப்பட்டு, உடலின் எதிர்ப்புச் சக்தி தன் சிறுகுடலையே தாக்குவதுதான் சீலியாக். எச்எல்ஏ டிக்யூ2 அல்லது டிக்யூ8 மரபணு அநேகமாக எல்லா நோயாளிகளிடமும் இருக்கும். அவை இரண்டும் இல்லாதவருக்குச் சீலியாக் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மரபணு இருப்பதாலேயே நோய் என்றும் ஆகாது.

இந்திய அளவில் 2016-ல் வெளியான ஆய்வின்படி, வடக்கே நூறில் ஒருவருக்கு மேல் இந்த நோய் இருந்தது. தெற்கே ஆயிரத்தில் ஒருவருக்குத்தான். மரபணு அளவில் அத்தனை வித்தியாசம் இல்லை, தட்டில் விழும் கோதுமையில்தான் வித்தியாசம். அதனால் "மாதம் பத்துப் பேரைச் சேர்த்துவிடுவோம்" என்று ஸ்பான்சரிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை. நம் பக்கத்தில் குடலுறிஞ்சிகள் (சிறுகுடலின் உள்சுவரில் உள்ள விரல் போன்ற நுண் நீட்சிகள்) தேய்ந்திருந்தால் உடனே சீலியாக் என்று முடிவு கட்டக் கூடாது. வெப்பமண்டல ஸ்ப்ரூ, ஜியார்டியா தொற்று, ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் ஓல்மெசார்டான் மாத்திரை ஆகியவையும் குடலை அதே போலத் தேய்க்கும். மலப் பரிசோதனையும், சாப்பிடும் மாத்திரைகளின் முழுப் பட்டியலும் சேர்க்கைப் படிவத்தில் இருக்கட்டும். ஜியார்டியா உள்ளவரைத் தெரியாமல் சேர்த்து, நடுவில் யாரோ வேறு காரணத்துக்கு, ஜியார்டியாவையும் கொல்லும் டினிடசோல் எழுதிக் கொடுத்தால் அவர் தேறிவிடுவார். பெயர் மட்டும் உங்கள் மருந்துக்குப் போகும்.

நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், இந்திய மருந்தாய்வுப் பதிவேட்டில் பதிவும் முடிந்த பிறகுதான் முதல் ஆளைச் சேர்க்கலாம். முதன்மை அளவுகோல் எது என்பதும் அந்தப் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும். பின்னால் மாற்றினால் பதிவேட்டில் அது தெரியும்.

ஆய்வு எந்த வகை

சீலியாக் மருந்தாய்வு இரண்டு வகை. அளவுகோல் அதைப் பொறுத்து மாறும்.

முதல் வகையில், குளூட்டன் இல்லாத உணவில் நன்றாக இருப்பவருக்குக் கணக்காகக் குளூட்டன் கொடுத்து, குடல் கெடுவதை மருந்து தடுக்கிறதா என்று பார்ப்பார்கள். டிரான்ஸ்குளூட்டமினேஸ் நொதியைத் தடுக்கும் இசட்இடி1227 மருந்தின் ஆய்வு 2021-ல் வெளியானது. தினம் 3 கிராம் குளூட்டன் உள்ள பிஸ்கட், ஆறு வாரம். மருந்துப்போலி (மருந்து போலவே தோன்றும், மருந்தில்லாத பொருள்) பெற்றவர்களுக்குக் குடலுறிஞ்சி உயரத்துக்கும், அதன் அடியில் உள்ள குழியின் ஆழத்துக்கும் உள்ள விகிதம் 0.61 குறைந்தது. மருந்தின் மூன்று அளவுகளிலும் அந்தச் சரிவு பெரும்பாலும் தடுக்கப்பட்டது. 3 கிராம் என்பது ஏறக்குறைய 30 கிராம் கோதுமை மாவில், அதாவது ஒரு சப்பாத்தியில், உள்ள அளவு.

இரண்டாம் வகையில், பத்தியம் இருந்தும் தொந்தரவு தீராதவர்களைச் சேர்த்து, மருந்தால் தேறுகிறார்களா என்று பார்ப்பார்கள். சறுக்கல் அதிகம் இந்த வகையில்தான். குளூட்டனை வயிற்றிலேயே வெட்டும் லாட்டிகுளூட்டனேஸ் நொதியை 494 பேரிடம் சோதித்தார்கள். மருந்து பெற்றவர்களும் தேறினார்கள், மருந்துப்போலி பெற்றவர்களும் தேறினார்கள், வித்தியாசம் கிடைக்கவில்லை. ஆய்வில் சேர்ந்த நாள் முதல் ஆள் சாப்பாட்டில் கவனமாகிவிடுகிறார் என்பதே இதற்குப் பெரும்பாலும் சொல்லப்படும் விளக்கம். யாரோ கண்காணிக்கிறார்கள் என்றால் பரோட்டாக் கடைப் பக்கம் கால் போகாதல்லவா?

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2022-ல் வெளியிட்ட வரைவு வழிகாட்டுதல், குளூட்டன் இல்லாத உணவோடு சேர்த்துக் கொடுக்கும் மருந்துக்கு அறிகுறியும் தேற வேண்டும், குடல் திசுவும் தேற வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. ஒன்றைக் காட்டி இன்னொன்றை ஈடுகட்ட முடியாது.

தொடக்க நிலை

இரண்டாம் வகை ஆய்வில் தொடக்க அளவை ஒரே நாளில் எடுத்துவிடக் கூடாது. முதலில் மூன்று நான்கு வாரம் எல்லோருக்கும் மருந்துப்போலி மட்டும் கொடுங்கள். அந்த நாட்களிலேயே நாட்குறிப்பு எழுதப் பழகட்டும், உணவியல் நிபுணர் சமையலறையைச் சரிபார்க்கட்டும். "ஆய்வில் சேர்ந்ததால் வந்த தேற்றம்" பெரும்பகுதி இந்த வாரங்களிலேயே வந்துவிடும். இதன் கடைசி 14 நாள் சராசரிதான் உண்மையான தொடக்கப் புள்ளி. அதற்குப் பிறகும் தொந்தரவு போதுமான அளவுக்கு மிஞ்சியிருப்பவரை மட்டும், மருந்தா மருந்துப்போலியா என்று முடிவு செய்யும் சீட்டுக் குலுக்கலுக்கு அனுப்புங்கள்.

குளூட்டனை விட்டு எத்தனை மாதம் ஆயிற்று என்பதும் முக்கியம். குடல் மெதுவாகத்தான் ஆறும். பெரியவர்களில் இரண்டு ஆண்டில் சுமார் மூன்றில் ஒருவருக்கும், ஐந்து ஆண்டில் மூன்றில் இருவருக்கும்தான் குடல் பழைய நிலைக்கு வந்தது என்று ஒரு பெரிய அமெரிக்கத் தொடர் ஆய்வு காட்டியது. பத்தியம் தொடங்கி மூன்று மாதமே ஆனவரைச் சேர்த்தால், அவர் மருந்து இல்லாமலேயே தேறிக்கொண்டிருப்பார். 12 மாதமாவது ஆகியிருக்கட்டும்.

திசுத் துண்டு

இங்கே நிதானம் வேண்டும். ஆய்வின் முடிவு அரிசி மணியில் பாதி அளவுள்ள துண்டுகளில்தான் இருக்கிறது, அவை கெடுவதும் ஆய்வகத்துக்குப் போவதற்கு முன்பே.

முன்சிறுகுடலின் இரண்டாம் பகுதியிலிருந்து குறைந்தது நான்கு துண்டு, முதல் குமிழ்ப் பகுதியிலிருந்து ஒன்றிரண்டு. இரண்டையும் தனித்தனிக் குப்பியில் போடுங்கள். குமிழ்ப் பகுதியில் குடலுறிஞ்சிகள் இயல்பிலேயே குட்டையாக இருக்கும், கலந்துவிட்டால் கணக்கு கெடும். இடுக்கியை ஒருமுறை உள்ளே விட்டால் ஒரு துண்டுதான் எடுக்க வேண்டும். நேரம் மிச்சம் என்று ஒரே முறையில் இரண்டு கடித்தால் முதல் துண்டு நசுங்கிவிடும்.

துண்டு வெளியே வந்ததும் ஃபார்மலினில் தட்டிவிடாதீர்கள். தட்டினால் அது சுருண்டு பந்தாகிவிடும். எண்டோஸ்கோபி அறையிலேயே ஒரு சின்ன வடிதாள் துண்டை உப்புநீரில் நனைத்து வைத்துக்கொள்ளுங்கள். ஊசி முனையால் துண்டை மெல்ல விரித்து, வெட்டுப்பட்ட பக்கம் தாளில் ஒட்டும்படியும் குடலுறிஞ்சிப் பக்கம் மேலே பார்க்கும்படியும் படுக்க வையுங்கள். பார்த்தால் எப்படித் தெரியும்? வெட்டுப்பட்ட பக்கம் சிவந்து ஈரமாக மினுங்கும். மேற்பக்கம் லேசாகத் துவாலைத் துணி போல இருக்கும். தேய்க்கவோ அழுத்தவோ கூடாது. அரை நிமிடம் ஒட்ட விட்டு, தாளோடு சேர்த்து 10 சதவீத நடுநிலை ஃபார்மலினில் தலைகீழாக மிதக்க விடுங்கள். திசுவைப் போல் பத்து இருபது மடங்கு ஃபார்மலின் இருக்கட்டும். குறைந்தது 6 மணி நேரம், அதிகம் போனால் 48 மணி நேரம். அதற்கு மேல் ஊறினால், லிம்போசைட் என்ற வெள்ளணுக்களைக் காட்டும் சிடி3 சாயம் சரியாகப் பிடிக்காது. வெள்ளிக்கிழமை பிற்பகல் எண்டோஸ்கோபி வைக்காமல் இருப்பதற்கு இதுவே போதுமான காரணம்.

மெழுகில் பதிக்கும்போது துண்டை விளிம்பில் நிறுத்திப் பதிக்க வேண்டும். கிடையாகப் பதித்தால் குடலுறிஞ்சிகள் சாய்வாக வெட்டுப்பட்டுக் குட்டையாகத் தெரியும். நன்றாக இருக்கும் குடல்கூட நோய்ப்பட்டது போல ஸ்லைடில் தோன்றும். கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. குழிகள் நீள வாக்கில், அடி முதல் வாய் வரை முழுதாகத் தெரிந்தால் வெட்டு சரி. முறுக்குப் போல வட்டம் வட்டமாகத் தெரிந்தால் வெட்டு சாய்ந்துவிட்டது. மெழுகுக் கட்டியை மறுபடி திருப்பி வைத்து ஆழமாக வெட்டச் சொல்லுங்கள். குறைந்தது மூன்று நல்ல குடலுறிஞ்சி–குழி ஜோடிகளாவது இல்லாத ஸ்லைடை அளக்காமல் திருப்பி அனுப்புவதே நல்லது.

அளவு எப்படி வருகிறது? குடலுறிஞ்சி உயரம் 420 மைக்ரான், குழி ஆழம் 210 மைக்ரான் என்றால் விகிதம் 2.0. ஆறு வாரம் கழித்து உயரம் 300, ஆழம் 250 என்றால் 1.2. சரிவு 0.8. இது நிஜமான சரிவு. அதே ஸ்லைடை இன்னொருவர் அளந்தாலே கொஞ்சம் வேறுபடும் என்பதால், ஓர் ஆளிடம் 0.4-க்குக் குறைவான மாற்றத்தை வைத்து "தேறியது", "கெட்டது" என்று பேச வேண்டாம். குழுச் சராசரி வேறு விஷயம். அதில் இதைவிடச் சின்ன வித்தியாசத்துக்கும் பொருள் இருக்கலாம்.

அத்தோடு, மேல்தோல் செல்கள் நூறுக்கு எத்தனை லிம்போசைட் புகுந்திருக்கின்றன என்று சிடி3 சாயமிட்டு எண்ணுங்கள். சாதாரணமாக 25-க்கு மேல் போனால் அதிகம்.

குடல் சேதத்தைப் படிப்படியாகக் குறிக்கும் மார்ஷ் தரம் 3ஏ, 3பி, 3சி என்று நோயறிவதற்கு நன்றாக உதவும். மருந்தாய்வின் முதன்மை அளவுகோலாக அது போதாது. ஒவ்வொரு படிக்கும் இடைவெளி சமமில்லை என்பதால் அதற்குச் சராசரி எடுக்க முடியாது. 3சி-யிலிருந்து 3பி-க்கு வந்தவர் எவ்வளவு தேறினார் என்று எண்ணில் சொல்ல வழியில்லை. ஆனாலும் சராசரி மார்ஷ் என்று கணக்குப் போட்டுக் கொண்டுவருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஸ்லைடுகளை ஸ்கேன் செய்து, இரண்டு பேர் தனித்தனியாக அளக்கட்டும். யாருடையது, முன்பு எடுத்ததா பின்பு எடுத்ததா, மருந்தா மருந்துப்போலியா என எதுவும் அவர்களுக்குத் தெரியக் கூடாது. உறையில் தேதி எழுதி அனுப்பிவிட்டால் அத்தனை மறைப்பும் வீண். உள்ளூர் நோய்க்குறியியல் அறிக்கை நோயாளியின் சிகிச்சைக்கு, மைய அளவீடு ஆய்வுக்கு. இரண்டையும் ஒரே கோப்பில் போடாதீர்கள்.

ரத்தம்

டிரான்ஸ்குளூட்டமினேஸ் நொதிக்கு எதிராக உடல் உண்டாக்கும் டிடிஜி ஐஜிஏ எதிர்ப்புரதத்தை அளப்பது மலிவு, எளிது, ஆனால் அது மெதுவானது. பத்தியம் தொடங்கிய பிறகு இயல்புக்கு வர ஆறு மாதம், ஒரு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். ஏறுவதும் அப்படித்தான். இரண்டு வாரம் குளூட்டன் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், 14-ஆம் நாளுக்குள் குடல் கணிசமாகத் தேய்ந்துவிட்டது. எதிர்ப்புரதம் தெளிவாக ஏறியதோ 28-ஆம் நாளில், குளூட்டனை நிறுத்தி இரண்டு வாரம் கழித்து. ஆகவே குறுகிய ஆய்வின் கடைசி நாளில் மட்டும் ரத்தம் எடுத்து "எதிர்ப்புரதம் ஏறவில்லை, மருந்து காத்தது" என்று எழுதினால் தவறாகப் போகும். டிடிஜி இயல்பாக இருப்பதாலேயே குடல் ஆறிவிட்டது என்றும் சொல்ல முடியாது.

முதல் நாளே மொத்த ஐஜிஏ அளவையும் பாருங்கள். சீலியாக் உள்ளவர்களில் நூறில் இரண்டு மூன்று பேருக்கு ஐஜிஏ குறைபாடு இருக்கும். அவர்களுக்கு டிடிஜி ஐஜிஏ எப்போதும் "நெகடிவ்". ஐஜிஜி வகைச் சோதனை வேண்டும்.

ஒரு கம்பெனி கிட்டின் எண்ணை இன்னொரு கிட்டின் எண்ணோடு ஒப்பிட முடியாது. ஆய்வு முழுக்க ஒரே ஆய்வகம், ஒரே கிட். சீரத்தைச் சிறு குப்பிகளாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வைத்து, ஒருவரின் எல்லா மாதிரியையும் கடைசியில் ஒரே ஓட்டத்தில் சோதித்தால் இன்னும் நல்லது.

உடனடி விளைவு வேண்டுமென்றால், எதிர்ப்புச் செல்கள் சுரக்கும் இன்டர்லியூகின் 2 என்ற புரதம் உண்டு. குளூட்டன் சாப்பிட்டு நான்கு மணி நேரத்தில் ரத்தத்தில் உச்சத்துக்கு ஏறும். சாப்பிடும் முன் ஒன்று, 4 மணி நேரம் கழித்து ஒன்று என இரண்டு மாதிரி. மருந்து அந்த ஏற்றத்தைத் தடுத்ததா என்பது அன்று எடுத்த மாதிரியிலேயே தெரியும், ஆனால் குடல் நிலையை அது சொல்லாது.

அறிகுறி நாட்குறிப்பு

வயிறு, குடல் தொந்தரவுகளை அளக்கும் ஜிஎஸ்ஆர்எஸ் கேள்வித்தாளில் 15 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 7 படி. சீலியாக்குக்கென்றே தினசரி நாட்குறிப்புகளும் இருக்கின்றன. எதுவானாலும் உரிமையாளரிடம் அனுமதி வாங்கி, முறையாகச் சரிபார்க்கப்பட்ட தமிழ் வடிவத்தை மட்டும் பயன்படுத்துங்கள். நீங்களே உட்கார்ந்து மொழிபெயர்த்த தாள் செல்லாது.

சரிபார்ப்பு ஏன் வேண்டும் என்பது ஒரே கேள்வியில் புரிந்துவிடும். வயிறு ஊதல் என்று அச்சிட்டால் ஒருவர் தொப்பை என்று நினைப்பார். சேலத்துப் பேச்சில் "வயிறு உப்புசம்", "பொருமல்", "மந்தமா இருக்கு" மூன்றும் வேறு வேறு. உப்புசம் காற்று நிரம்பியது, மந்தம் பசியில்லாதது. "வயித்தால போகுது" என்பார்கள், "வயிற்றுப்போக்கு" என்று கேட்டால் தினம் பத்து முறை போனால்தான் அது என்று எண்ணி "இல்லை" போடுவார்கள். எத்தனை முறை, எவ்வளவு இளகலாக என்று படம் காட்டிக் கேட்பது மேல். சோர்வைத் தனியாகக் கேளுங்கள். "அசதி" என்ற சொல்லுக்கு அநேகமாக எல்லோரும் சரியாகவே பதில் சொல்கிறார்கள்.

தாள் நாட்குறிப்பு என்றால் ஒரு வாரத்தையும் வருகை நாளில் பஸ்ஸிலேயே நிரப்பிவிடுவது நடக்கும். ஏழு நாளும் ஒரே பேனா, ஒரே கையெழுத்துச் சாய்வு, ஒரே மதிப்பெண். போன் வழியாக, தினம் இரவு, நேர முத்திரையோடு பதிவாகும்படி செய்யுங்கள். மலையில் சிக்னல் இல்லாத இடங்கள் உண்டு. நெட் இல்லாமலும் பதிந்து, பிறகு அனுப்பும் செயலிதான் தேவை. வாரச் சராசரிக்குக் குறைந்தது எத்தனை நாள் பதிவு வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதிவையுங்கள். 7-ல் 4 என்பது வழக்கமான அளவு.

ஏற்காட்டிலிருந்து வருபவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு. இறங்கி வந்த உடனே "குமட்டல் இருக்கிறதா" என்று கேட்டால் யாருக்குத்தான் இருக்காது? வருகை நாளின் குமட்டல் மதிப்பெண்ணை நோயின் கணக்கில் எழுதாதீர்கள். கேள்வித்தாள் முந்தின இரவே முடிந்திருக்கட்டும். மழைக்காலத்தில் மண் சரிந்து சாலை அடைபடலாம், ஆகவே வருகைக்கு முன்பின் ஏழு நாள் சலுகை நெறிமுறையில் இருப்பது நல்லது.

பால் காபியையும் மறக்காதீர்கள். குடல் தேய்ந்தவருக்குப் பால் சர்க்கரை செரிக்காமல் போகலாம். குளூட்டனே இல்லாமல் உப்புசமும் போக்கும் வரும். நடுவில் பாலை விட்டாரா, திரும்பத் தொடங்கினாரா என்று ஒரு கட்டம் இருந்தால் விளக்கமில்லாத பல ஏற்ற இறக்கங்கள் விளங்கும்.

உள்ளே போன குளூட்டன்

இதை அளக்காவிட்டால் மற்ற எந்த எண்ணையும் நம்ப முடியாது. பத்தியக் கேள்வித்தாள்கள் உண்டு. ஏழு கேள்விக் கேள்வித்தாளில் 13-க்குக் கீழே என்றால் நன்று, 17-க்கு மேல் என்றால் மோசம். ஆனால் தெரியாமல் சாப்பிடுவதை எந்தக் கேள்வியும் பிடிக்காது.

நம் சமையலறையில் ஒளிந்திருப்பது கூட்டுப் பெருங்காயம். பல பிராண்டுகளில் பிசினோடு கோதுமை மாவோ மைதாவோ சேர்ந்திருக்கும். ஒரு கிராமில் அரைக் கிராம் மைதா என்று வைத்துக்கொண்டால் சுமார் 45–50 மில்லிகிராம் குளூட்டன். நான்கு பேர் சாம்பாரில் அதைப் போட்டால் தலைக்கு 12 மில்லிகிராம். ரசம், ஊறுகாய், மோர் என்று சேர்ந்தால்? தினம் 50 மில்லிகிராம் மூன்று மாதம் கொடுத்தாலே குடல் தேய்வதை 2007-ல் வெளியான இத்தாலிய ஆய்வு காட்டியிருக்கிறது. அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் கிடைக்கிறது, பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படிக்கப் பழக்குங்கள்.

அடுத்தது மாவு மில். கேழ்வரகிலும் கம்பிலும் சாமையிலும் குளூட்டன் கிடையாது. ஆனால் முன்னால் நின்றவர் கோதுமை அரைத்துவிட்டுப் போன கல்லில் அடுத்து உங்கள் கேழ்வரகு விழுந்தால் முதல் படி மாவு கலப்படம்தான். ஆடிப் பண்டிகைக் கூழ் ஆபத்தில்லாதது என்று நினைத்து ஊற்றிக் குடித்த வாரம் மதிப்பெண் ஏறினால் மில்லைக் கேளுங்கள். தட்டுவடை செட்டும் அப்படித்தான். அரிசி மாவுத் தட்டுவடையில் குற்றமில்லை. பெருங்காயத்தையும், அதே எண்ணெயில் முன்பு பொரித்த மைதாப் பண்டத்தையும்தான் விசாரிக்க வேண்டும். ஜவ்வரிசி உப்புமா, வீட்டில் அரைத்த மாவு இட்லி, பச்சை மிளகாய்ச் சட்னி ஆகியவற்றுக்குத் தயங்காமல் டிக் போடலாம். கடைப் பொருளில் "குளூட்டன் இல்லாதது" என்று அச்சிட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது.

சொல்லை மட்டும் நம்பாமல் சோதிக்கவும் வழியுண்டு. செரிக்காத குளூட்டன் துணுக்குகள் சிறுநீரில் சில மணி நேரத்திலிருந்து ஒன்றரை நாள் வரையும், மலத்தில் இரண்டு முதல் நான்கு நாள் வரையும் தெரியும். முன்னறிவிப்பு இல்லாத நாட்களில், வாரம் இரண்டு மூன்று சிறுநீர் மாதிரி. திங்கள்கிழமை காலை மாதிரியைத் தவறவிடாதீர்கள், ஞாயிற்றுக்கிழமை விருந்து அதில் தெரியும். கிட் நெகடிவ் என்றால் ஒன்றுமே சாப்பிடவில்லை என்று அர்த்தமில்லை, சிறு அளவுகள் தப்பிவிடும். பாசிடிவ் வந்தவரைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை உண்மை வராது.

எண்கள் வந்த பிறகு

ஒருவர் இரண்டாவது எண்டோஸ்கோபிக்கு மறுத்துவிட்டால் அவருடைய குடல் "தேறியது" கணக்கில் சேராது. மறுப்பவர்களில் தொந்தரவு தாங்காதவர்களும் இருப்பார்கள், முழுக்கக் குணமானதாக நினைப்பவர்களும் இருப்பார்கள். அவர்களை எந்தப் பக்கம் எண்ணுவது என்பது, யாருக்கு மருந்து யாருக்கு மருந்துப்போலி என்ற குறியீட்டைத் திறக்கும் முன் எழுதி முடிந்திருக்க வேண்டும். ஒப்புதல் வாங்கும் நாளிலேயே "இரண்டு முறை குழாய் விடுவோம்" என்று தெளிவாகச் சொன்னால் பாதிச் சிக்கல் வராது.

அறிகுறி தேறி, திசு தேறாமல் இருந்தால் மருந்துப்போலி விளைவையும் பாலையும் முதலில் சந்தேகப்படுங்கள். திசு தேறி, அறிகுறி தேறாமல் இருந்தால் எரிச்சல் குடல் நோய், பால் சர்க்கரை செரியாமை, உணவுப் பயம் இவற்றைப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து தேறி, சிறுநீரில் குளூட்டனும் இரு குழுக்களிலும் ஒரே அளவில் இருந்தால்தான் மருந்தின் பெயரைச் சொல்லலாம்.

குளூட்டன் கொடுத்துச் சோதித்த ஆய்வு என்றால், கடைசி வருகையோடு ஆளை விட்டுவிட முடியாது. கெடுத்த குடல் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு மாதத்தில் டிடிஜி, ஆறாம் மாதம் மறுபடி டிடிஜி, ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், எடை. இந்த வருகைகளின் போக்குவரத்துச் செலவையும் பட்ஜெட்டில் முதல் நாளே எழுதிவிடுங்கள். விட்டுப்போகும் வரி எப்போதும் இதுதான்.